மந்திரவாதி வரலாம், துப்பாக்கிக்காரன் வரக்கூடாது

2006 நவம்பரில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்களில் சிலருக்குக் கணக்கு முடக்கப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. மாதச் சந்தா கட்டி, ராத்தூக்கம் கெட்டு ஒரு பாத்திரத்தை வளர்த்து ஆளாக்கியவர்கள் கொதித்துப்போனார்கள். விசாரித்ததில் பொதுவான ஒரு விஷயம் புலப்பட்டது. அத்தனை பேரும் லினக்ஸில், விண்டோஸ் ஆட்டங்களை அங்கே ஓட்ட உதவும் செடேகா என்ற மென்பொருளின் துணையோடு ஆடிக்கொண்டிருந்தவர்கள். பிளிசார்டு நிறுவனம் ஆட்டத்தோடு சேர்த்து அனுப்பும் வார்டன் என்ற காவல் நிரல், ஆடுபவரின் கணினி நினைவகத்தை அவ்வப்போது துழாவிப் பார்க்கும். அதன் கண்ணுக்கு இந்தக் கணினிகள் விவகாரமானவையாகத் தெரிந்திருக்கின்றன. பிறகு நிறுவனமே பரிசீலித்து, தவறு நடந்துவிட்டதை ஒப்புக்கொண்டு தடையை நீக்கியது.

சின்ன சம்பவம்தான். ஆனால் லினக்ஸ் விளையாட்டுக்காரர்களின் இரண்டு தலைவலிகளும் அதில் இருக்கின்றன. விண்டோஸுக்காக எழுதிய ஆட்டம் லினக்ஸில் ஓடுமா? ஓடினாலும், ஓட விடுவார்களா? முதல் கேள்வியோடு பொறியாளர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேல் மல்லுக்கட்டி, இன்று பெருமளவுக்கு ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவதற்கான விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. வாளும் மந்திரக்கோலும் ஏந்திய இணையவழிப் பாத்திர ஆட்டங்கள் லினக்ஸில் சௌகரியமாகக் குடித்தனம் நடத்த, துப்பாக்கி ஆட்டங்கள் பல வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. இதற்கான காரணம், அந்த ஆட்டங்கள் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது.

முதலில், ஓடுவது பற்றி.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லின் மேல்தான் ஓடுகின்றன. ஆட்டத்தின் இயந்திரக் கட்டளைகளைப் பொறுத்தவரை சில்லுக்குப் பாரபட்சம் கிடையாது. கூட்டு, கழி, தாவு என்றால் செய்துவிட்டுப் போகும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிரல் இயங்குதளத்திடம் ஒன்றைக் கேட்கும்போது. இந்தக் கோப்பைத் திற, ஒரு சாளரம் கொடு, இந்த முக்கோணத்துக்கு வண்ணம் பூசு என்று விண்டோஸ் ஆட்டம் விண்டோஸின் நூலகங்களிடம் விண்டோஸ் பாணியில் கேட்கும். லினக்ஸில் அந்த நூலகங்கள் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதி, கேட்கிற கேள்வியை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் வேலையை 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் தொடங்கினார்கள். அதுதான் வைன். அடுத்த ஆண்டே பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார் கைக்கு வந்தது. கம்பெனிக் காலத்துத் துபாஷியைப்போல, இரண்டு பக்கத்தாருக்கும் நடுவே நின்று பேச்சைக் கடத்துகிற வேலை.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வைனின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். அதாவது 15 ஆண்டுகள் கழித்து. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்க்க வழியில்லை. ஒரு செயல்கூறு என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து தட்டித் தட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். விண்டோஸில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையை நம்பி ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால், அதே பிழையை வைனிலும் சிரத்தையாகச் செய்து வைக்க வேண்டும்!

வேறு வழிகளும் முயலப்பட்டன. ஸ்காட் டிரேக்கர் 1998இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர், ஆட்டங்களின் மூலநிரலை முறைப்படி வாங்கி லினக்ஸுக்கென்றே மாற்றி விற்றது. வாங்க ஆளில்லை, 2002 தொடக்கத்தில் கடையை மூடினார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நூலகம் பிழைத்துக்கொண்டது. திரை, விசைப்பலகை, ஒலி ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாள உதவும் அந்த நூலகம் இன்று எண்ணற்ற ஆட்டங்களுக்குள் இருக்கிறது. லண்டிங்கா அங்கிருந்து பிளிசார்டுக்குப் போய், 2012இல் வால்வு நிறுவனத்துக்கு வந்தார். இந்தக் கதையின் முக்கியமான மூன்று வீடுகளிலும் குடியிருந்த மனிதர் அவர்.

இனி கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். லினக்ஸில் ஆட்டம் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் வெளியே தெரியாத, அற்பமான இடங்கள்.

கோப்பின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஆட்டத்தை எழுதியவர் ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி, இன்னோரிடத்தில் சோம்பலாகச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். விண்டோஸில் அது யாருக்கும் தெரியாமல் ஓடிவிடும். வைனோ, கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால் அந்த அடைவில் உள்ள பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் படங்கள் உள்ள அடைவு என்றால் ஆட்டம் திக்கித் திணறும். 2019இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.2 பதிப்பு வந்தபோதுதான், எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாத அடைவுகளை எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

இன்னொன்று, 65,530. ஒரு நிரல் நினைவகத்தை எத்தனை துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு லினக்ஸ் கெர்னல் போட்டிருந்த உச்சவரம்பு அது. சர்வர்களுக்கு ஏராளம். ஹாக்வர்ட்ஸ் லெகசி போன்ற புதிய ஆட்டங்கள் அந்த வரம்பை அநாயாசமாகத் தாண்டி, எந்த விளக்கமும் சொல்லாமல் செத்து விழுந்தன. ஆடுகிறவர் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுவார், டிரைவரை மாற்றிப் பார்ப்பார். உண்மையில் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 39ஆம் பதிப்பு அந்த எண்ணை 10,48,576 ஆக உயர்த்தி அந்தப் பாட்டைத் தீர்த்து வைத்தது.

சில ஆட்டங்களில் எல்லாம் சரியாக ஓடும். கதையின் நடுவே காணொளிக் காட்சி வரவேண்டிய இடத்தில் மட்டும், பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு தொடங்குமுன் தெரியுமே, அந்த வண்ணப் பட்டைகள் வந்து நிற்கும். காணொளியைப் பிரித்துக் காட்டும் முறைக்குக் காப்புரிமை உண்டு. அதைப் போகிற போக்கில் இலவச மென்பொருளில் சேர்க்க முடியாது. நாயகனின் தந்தை யார் என்ற ரகசியம் உடையும் கட்டத்தில் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொடுமையை லினக்ஸ்காரர்கள் மட்டுமே அறிவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது படம் வரைவது. விண்டோஸ் ஆட்டங்கள் டைரக்ட்3டி என்ற மைக்ரோசாஃப்ட் முறையில் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும். வைன் அதை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டின் போக்கும் ஒத்துவராததால் வேகம் அடிபட்டது. 2016இல் வல்கன் என்ற புதிய முறை வந்தது; கார்டின் உள்வேலைகளை நிரல் எழுதுபவர் கையிலேயே விட்டுவிடும் முறை. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞருக்கு நியர்: ஆட்டோமாட்டா என்ற ஜப்பானியப் பாத்திர ஆட்டத்தை லினக்ஸில் ஆடிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக டைரக்ட்3டி 11ஐ வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளைத் தானாகவே எழுதத் தொடங்கினார். வால்வு அதைக் கவனித்து, 2018இல் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. லினக்ஸில் இன்று ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஓடுகின்றன என்றால், தனக்குப் பிடித்த ஒரே ஓர் ஆட்டத்துக்காக ஒருவர் மெனக்கெட்டதற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆட்ட வியாபாரத்தில் கொடிகட்டிப் பறக்கும் வால்வுக்கு லினக்ஸ் மீது என்ன திடீர்ப் பாசம்? பாசமெல்லாம் இல்லை, பயம். 2012இல் விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு கடையோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் நினைத்தால் ஸ்டீம் என்ற தன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடலாம் என்பது வால்வின் தலைவர் கேப் நியூவெலுக்குப் புரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய பொறியாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். லெஃப்ட் 4 டெட் 2 என்ற ஆட்டத்தை முதன்முதலில் லினக்ஸில் ஓட்டியபோது நொடிக்கு 6 ஃபிரேம்கள், நத்தை வேகம். செதுக்கிச் செதுக்கி அதை 315க்குக் கொண்டு வந்தார்கள். அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது 270.6.

2013 பிப்ரவரி 14 அன்று ஸ்டீம் முறையாக லினக்ஸுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் ஒரு விபரீதமும் வந்தது. 2015 ஜனவரியில், ஸ்டீம் அடைவை வேறு வட்டுக்கு நகர்த்திய ஒருவர், தன் கோப்புகள் எல்லாம் அழிந்துபோனதைக் கண்டார். கூடவே செருகியிருந்த காப்பு வட்டிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டீமைத் தொடங்கி வைக்கும் நிரலில் ஒரு வரி, ஸ்டீம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குள் உள்ளதையெல்லாம் அழிக்கச் சொன்னது. இடம் கிடைக்காமல் பெயர் வெற்றாக நின்றதும், கட்டளையின் பொருள் மூலத்திலிருந்து அத்தனையையும் அழி என்று ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, அந்த வரிக்கு மேலேயே நிரலாளர் ‘பயமாயிருக்கு’ என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பயம் இருந்தது, சோதனை மட்டும் இல்லை.

அதே 2015 நவம்பரில் வந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற விளையாட்டுக் கணினிகள் விலைபோகவில்லை. எல்லா நிறுவனங்களும் லினக்ஸுக்கென்று தனியாக ஆட்டம் செய்து தரும் என்று எதிர்பார்த்ததுதான் தப்பு. வால்வு வழியை மாற்றிக்கொண்டது. வைன், டிஎக்ஸ்விகே எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, 2018 ஆகஸ்ட் 21 அன்று புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. ஆடுபவர் ‘நிறுவு’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். 2022 பிப்ரவரி 25 அன்று, கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் வந்தது. உள்ளே ஆர்ச் லினக்ஸ் வழிவந்த இயங்குதளம்.

அதே நாளில் வெளியான எல்டன் ரிங் என்ற ஆட்டம் ஒரு சுவாரஸ்யமான சோதனை ஆயிற்று. விண்டோஸ் கணினிகளில் அது நொடிக்கொருதரம் தயங்கித் தயங்கி ஓடியது. சில கட்டங்களில் ஆட்டம் ஏகப்பட்ட கிராஃபிக்ஸ் வளங்களைத் திடீரென்று உருவாக்கி, நினைவக மேலாண்மையைத் திணறடித்தது. இடையில் நிற்கும் புரோட்டானுக்கு இது கண்கூடாகத் தெரிந்தது. ஒதுக்கிய நினைவகத்தைத் தூக்கிப் போடாமல் மறுபடி பயன்படுத்தும்படி வால்வு பொறியாளர்கள் அங்கேயே திருத்தம் செய்தார்கள். மூல ஆட்டத்தில் ஒரு வரியைக்கூடத் தொடாமல், டெக்கில் அந்தத் தயக்கத்தைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள்.

கெர்னலே வளைந்துகொடுக்கத் தொடங்கியது அடுத்த கட்டம். விண்டோஸ் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் முறைக்கு லினக்ஸில் நேரடி ஈடு இல்லாமல் இருந்தது. வைன் அதற்கென்று ஒரு தனிச் செயல்முறையை நடுவராக வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதனிடம் ஓடிப்போய் அனுமதி கேட்பதில் நேரம் விரயமானது. 2025 மார்ச்சில் வந்த கெர்னல் 6.14இல், எலிசபெத் ஃபிகுரா எழுதிய என்டிசிங்க் என்ற கூறு அந்த நடுவர் வேலையைக் கெர்னலுக்கே மாற்றியது. விண்டோஸ் ஆட்டங்களின் வசதிக்காக லினக்ஸின் இதயத்திலேயே ஒரு துண்டு! 1993இல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆக, முதல் கேள்வி ஏறக்குறையத் தீர்ந்தது. இரண்டாவதுக்கு வருவோம். அதற்கு, பாத்திர ஆட்டங்கள் கட்டப்பட்ட விதத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த மட் என்ற ஆட்டத்தில் படமே கிடையாது, எழுத்து மட்டும். ‘வடக்கே போ’ என்று தட்டினால், வடக்கே என்ன இருக்கிறது என்று வாசகமாகத் திரையில் வரும். உலகம் முழுதும் நடுக் கணினியில் இருக்கும். ஆடுபவர் கையில் இருப்பது வெறும் முனையம். 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் மாணவர்கள் யூனிக்ஸில் ஓடும் டிகுமட் என்ற வகையை உருவாக்கினார்கள். பூதத்தை அடி, அனுபவப் புள்ளி சேர், அடுத்த நிலைக்கு ஏறு என்ற அதன் தாளகதியை 1999இன் எவர்குவெஸ்டிலும், 2004இன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் அப்படியே காணலாம். முப்பரிமாணப் படம் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, உலகம் சர்வரில்தான் இருக்கிறது என்ற ஏற்பாடு மாறவில்லை.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். வார்கிராஃப்டில் ஒரு மந்திரவாதி தீப்பந்தை ஏவுகிறாள். அவளுடைய கணினி சர்வரிடம் சொல்வது, ‘இந்தப் பிராணி மேல் இந்த மந்திரத்தைப் போட விரும்புகிறேன்’ என்பது மட்டும். சக்தி இருக்கிறதா, எதிரி எட்டுகிற தூரத்தில் இருக்கிறானா, அடி எத்தனை புள்ளி என்று முடிவு செய்வதெல்லாம் சர்வர். ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 1.5 நொடி காத்திருக்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 14இல் அது 2.5 நொடி. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் உலகமே 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களின் ஈவ் ஆன்லைன் இன்னும் ஒரு படி மேல்: ஆயிரக்கணக்கான விண்கலங்கள் ஒரே இடத்தில் மோதினால், சர்வர் தாக்குப்பிடிப்பதற்காக ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இழுத்து நிறுத்திவிடும். 2014 ஜனவரியில் நடந்த பி-ஆர்5ஆர்பி போர் அப்படித்தான் ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டது. டைட்டன் என்ற ராட்சதக் கலங்கள் 75 அழிந்தன.

நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் துப்பாக்கி ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. பாத்திர ஆட்டத்தில் 1,500 மில்லிநொடி கையில் இருக்கிறது. வைன் நடுவில் நின்று ஒன்றிரண்டு மில்லிநொடியைத் தின்றாலும் மந்திரவாதிக்கு ஒன்றும் ஆகிவிடாது. தில்லுமுல்லு செய்ய நினைப்பவனுக்கும் பெரிதாக வழியில்லை; அவன் கணினியில் எதைத் திருத்தினாலும் தங்கக்காசுக் கணக்கு இருப்பது சர்வரில்.

துப்பாக்கி ஆட்டம் இதற்கு நேர்மாறு. குறி பார்ப்பது விரல்நுனி வேகத்தில் நடப்பதால் பல விஷயங்களை ஆடுபவரின் கணினியிடமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் எதிரி நிற்கும் இடம்கூட முன்கூட்டியே அந்தக் கணினிக்கு வந்துவிடும். நினைவகத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சுவர் கண்ணாடியாகிவிடும். தானாகக் குறிவைத்துச் சுடும் நிரலும் சந்தையில் உண்டு. இதைத் தடுக்கத்தான் காவல் நிரல்கள் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வைன் கெர்னலுக்கு வெளியே இயங்குவது. விண்டோஸ் கெர்னல் டிரைவரை ஏற்றி வைக்க அங்கே இடமில்லை. அதைவிட ஆழமான சங்கடம், லினக்ஸில் யார் வேண்டுமானாலும் கெர்னலைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தித் தொகுத்துக்கொள்ளலாம் என்பது. வீட்டுக்காரரே பூட்டை மாற்றிக்கொள்ளக்கூடிய வீட்டில் காவல்காரர் யாரை நம்புவது?

2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு காவல் நிரல்களும் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் பயன்படுத்துவதா என்பது ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் விருப்பம். ஃபோர்ட்நைட் மறுத்தது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022இல் அனுமதித்து, 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் தில்லுமுல்லுக்காரர்களின் கொல்லைப்புற வழியாகிவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு மே மாதம், வைனில் பல வருடம் ஓடிக்கொண்டிருந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வேன்கார்டு என்ற கெர்னல் காவலைக் கட்டாயமாக்கியதோடு லினக்ஸுக்கு விடை கொடுத்தது. அதில் துப்பாக்கி முக்கியமில்லை, மந்திரம் உண்டு; ஆனாலும் அது தரவரிசைக்காக மோதும் ஆட்டம். நான் தலைப்பில் சொன்ன பிரிவினை அங்கே கொஞ்சம் இடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ரசனைக்கும் இதில் இடமுண்டு. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களை நான்காக வகுத்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரைச் சாய்க்க வருபவர். நான்காம் வகையினருக்கு லினக்ஸ் இன்னும் கடினமான ஊர்தான். மற்ற மூவருக்கும் குறையேதும் இல்லை.

வார்கிராஃப்டில் வேடம் ஏற்று நடிப்பவர்களுக்கென்றே தனி சர்வர்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஆர்ஜென்ட் டான், அமெரிக்காவில் மூன் கார்டு அவற்றில் பேர்போனவை. அங்கே சிலர் மணிக்கணக்கில் ஒரு பூதத்தையும் கொல்ல மாட்டார்கள். சத்திரத்தில் உட்கார்ந்து, நாடு கடத்தப்பட்ட பிரபுவாகவோ கடன்பட்ட கொல்லனாகவோ உரையாடிக்கொண்டிருப்பார்கள். டோட்டல் ஆர்பி 3 என்ற கூடுதல் நிரலில் தன் பாத்திரத்தின் முகத்தழும்பு எப்படி வந்தது, குரல் எப்படிப்பட்டது என்றெல்லாம் எழுதி வைத்தால், எதிரில் வருபவர் அதைப் படித்துக்கொள்ளலாம். இந்தக் கூடுதல் நிரல்கள் லுவா மொழியில் எழுதப்பட்டு ஆட்டத்துக்குள்ளேயே ஓடுபவை. வெளியே விண்டோஸ் இருக்கிறதா லினக்ஸ் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது. மட் காலத்து எழுத்துக் கூத்து, படத்தோடு மறுபடி நடக்கிறது.

ஃபைனல் ஃபேன்டசி 14 ரசிகர்கள் பாணர் வேடத்தில் வாத்தியம் வாசித்து ஆட்டத்துக்குள்ளேயே கச்சேரி நடத்துகிறார்கள். லினக்ஸ்காரர்களுக்கு அங்கே வந்த தொல்லை வேறு மாதிரி: ஆட்டம் நன்றாக ஓடும், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் லாஞ்சர் ஓடாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உறுப்புகளை நம்பிக் கட்டிய லாஞ்சர் அது. ஆடுகிறவர்களே கூடி எக்ஸ்ஐவிலாஞ்சர் என்ற மாற்றை எழுதி, லினக்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். நேரடியாக லினக்ஸ் பதிப்போடு வரும் ஆல்பியன் ஆன்லைன் இருக்கிறது. 2010இல் மூலநிரலைத் திறந்துவிட்ட ரைசம் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் தன்னார்வலர்கள் கட்டிவரும் வெலோரனில், ஆடுகிறவர் தனக்குப் பிடிக்காத மலையைத் தானே திருத்தி அனுப்பவும் செய்யலாம். லினக்ஸ்காரர்களின் ரசனை என்று பார்ப்பவர்கள் சொல்வதில் பாதி, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதன் கணக்கு என்றே தோன்றுகிறது.

துப்பாக்கி ஆட்டங்களும் பாத்திர ஆட்டங்களின் உத்தியைக் கடன் வாங்கப் பார்க்கின்றன. 2020இல் வந்த வாலரன்ட், எதிரி கண்ணில் படப்போகும் கணத்துக்குச் சற்று முன்புவரை அவன் இருக்கும் இடத்தைச் சர்வரிலேயே மறைத்து வைக்கிறது. சுவரை ஊடுருவிப் பார்ப்பவனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் தானாகக் குறிவைக்கும் நிரலை அது தடுக்காது; ஆகவே அந்த ஆட்டத்திலும் வேன்கார்டு இருக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. ஸ்டீம் அந்த மாதம் எடுத்த கணக்கில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டி 3.05 ஆனது. அதே மாதம் வெளியான பேட்டில்ஃபீல்டு 6 கெர்னல் காவலோடும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க விடும் செக்யூர் பூட் நிபந்தனையோடும் வந்ததால் லினக்ஸில் ஓடவில்லை. நவம்பர் 12 அன்று வால்வு மறுபடி ஒரு ஸ்டீம் மெஷினை அறிவித்தது, அதே பெயரில், லினக்ஸோடு. லினக்ஸின் பங்கு எத்தனை சதவீதமானால் துப்பாக்கி ஆட்டக்காரர்கள் தங்கள் காவல் நிரலை லினக்ஸுக்கும் எழுதிப் பராமரிக்கும் செலவை ஏற்பார்கள் என்ற கணக்கை இப்போது நிறுவனங்கள்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.